பச்சை நரகத்தில் ஒரு சுற்று

ஜெர்மனி தேசத்தின் மேற்கு எல்லையை அடுத்து ஐஃபல் என்னும் மலைப் பிரதேசம் இருக்கிறது. ஒரு காலத்தில் எரிமலைகள் குமுறிய அந்த இடம் இப்போது காடு மண்டிக் குளிர்ந்து கிடக்கிறது. ஒரு குன்றின் உச்சியில் நூர்பர்க் என்ற பழங்கோட்டை இடிந்து நிற்க, அதைச் சுற்றிக்கொண்டு ஒரு சாலை வளைந்து வளைந்து போகிறது. அந்தச் சாலை எந்த ஊருக்கும் போய்ச் சேருவதில்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. ஆயினும் அதில் ஒரே ஒரு தடவை வண்டி ஓட்டிப் பார்ப்பதற்காக உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். நூர்பர்க்ரிங் என்ற மோட்டார்ப் பந்தயப் பாதை இதுதான்.

ஐஃபல் முன்னாளில் மிகவும் வறுமைப்பட்ட சீமை. வேலையற்றிருந்தவர்களுக்குப் பிழைப்புத் தரவேண்டும் என்ற நோக்கமும் சேர்ந்து, 1925-ஆம் வருஷத்தில் பாதை போடத் தொடங்கினார்கள். 1927-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் முதல் பந்தயம் நடந்தது. ருடால்ஃப் கராச்சியோலா வென்றார். இன்று வடக்கு வளையம் என்று வழங்கும் பகுதி மட்டும் 20.8 கிலோ மீட்டர் நீளம். அதற்குள் எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகள். மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் ஏறக்குறைய 300 மீட்டர் வித்தியாசம். ஜாக்கி ஸ்டூவர்ட் என்ற புகழ்பெற்ற பந்தய வீரர் இதற்குப் 'பச்சை நரகம்' என்று நாமகரணம் செய்தார். அவரே 1968-ஆம் வருஷத்தில் மழையிலும் மூடுபனியிலும் ஓட்டி, இரண்டாவதாக வந்தவரை நான்கு நிமிஷத்துக்கு மேல் பின்தள்ளி ஜயித்தார்!

பந்தயம் இல்லாத பல நாட்களில், சுங்கம் செலுத்திவிட்டு யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியை இங்கே ஓட்டலாம். குடும்பத்தோடு கடைத்தெருவுக்குப் போகிற வண்டியும் வரும். பந்தயத்துக்கென்றே இறுக்கி முறுக்கிய வண்டியும் வரும். இரண்டையும் பக்கத்தில் நின்று கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். முதல் வண்டி வளைவில் திரும்பும்போது மேல்பாகம் ஒருபுறமாகச் சாய்கிறது. இரண்டாவது வண்டியோ பலகைபோல் நிமிர்ந்தபடியே திரும்புகிறது. "ஆஹா! சாயாத வண்டியே சிறந்த வண்டி" என்று பார்ப்பவர்கள் நினைப்பது சகஜம். ஆனால் அந்த நினைப்பு இந்தச் சாலையில் பலருக்குப் பொல்லாத பாடம் கற்பித்திருக்கிறது.

வண்டி ஏன் சாய்கிறது? பஸ் வலப்புறம் திரும்பினால் உள்ளே நிற்பவர்கள் இடப்புறம் சரிகிறார்கள் அல்லவா? அதே காரணந்தான். சக்கரங்கள் தரையைப் பற்றித் திரும்புகின்றன. மேலே இருக்கும் கனமோ நேரே போகப் பார்க்கிறது. ஆகவே வெளிப்பக்கத்து ஸ்பிரிங்குகள் அமுங்குகின்றன. உட்பக்கத்து ஸ்பிரிங்குகள் நீளுகின்றன. கனமும் வெளிச் சக்கரங்களுக்கு மாறுகிறது. உதாரணமாக, 1,400 கிலோ எடையுள்ள ஒரு வண்டி. அதன் கனத்தின் மையம் தரையிலிருந்து 50 சென்டி மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 150 சென்டி மீட்டர் தூரம். தன் எடைக்குச் சமமான பக்க விசையோடு அது திரும்பினால், ஏறக்குறைய 467 கிலோ பாரம் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போய்விடும். பக்கத்துக்கு 700 கிலோ என்றிருந்தது, ஒருபுறம் 1,167 என்றும் மறுபுறம் 233 என்றும் ஆகிவிடும்.

இந்தக் கணக்கில் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங் மெத்தென்றிருந்தாலும் விறைப்பாக இருந்தாலும் பாரம் மாறத்தான் செய்யும். சாய்வினால் அதிகமாகக் கூடுவது சொற்பமே. அப்படியானால் விறைப்பினால் என்ன லாபம்? உண்டு. அதிகமாகச் சாய்ந்தால் டயரும் ஓரமாகச் சரிந்து, தரையில் முழுதும் படியாமல் போகும். வளைவு ஒருபுறமிருந்து மறுபுறம் மாறும்போது, சாய்ந்த வண்டி நிமிர்ந்து மறுபடி சாய்வதற்குள் ஒரு கணம் வீணாகும். இந்தக் குறைகளுக்காகவே இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இணைத்து ஒரு முறுக்குக் கம்பி வைக்கிறார்கள். இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறி இறங்கினால் அந்தக் கம்பி சும்மா இருக்கும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் முறுக்கிக்கொண்டு சாய்வைத் தடுக்கும்.

அந்தக் கம்பியில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. டயரின் மேல் இரு மடங்கு பாரம் வைத்தால் பிடிப்பு இரு மடங்காகப் பெருகுவதில்லை. கொஞ்சம் குறைந்தே கிடைக்கும். முன்பக்கத்துக் கம்பியைத் தடிப்பாக வைத்தால், மாறும் பாரத்தில் பெரும் பங்கு முன் சக்கரங்களின் தலையில் விழும். அவை முதலில் பிடிப்பிழந்து, வண்டி திரும்ப மறுத்து நேரே போகும். பின்பக்கத்தில் தடிப்பாக வைத்தாலோ வால் சுழன்று முன்னே வரப் பார்க்கும்.

இனி, பாதையில் ஒரு சுற்று போய் வரலாம். முதலில் வருவது 'விமானத்திடல்'. பக்கத்தில் இருந்த விமானத் திடலால் வந்த பெயர் என்றாலும், இங்கே வண்டிகளும் பறந்ததுண்டு! சாலை ஒரு மேட்டில் ஏறி உடனே இறங்குகிறது. வேகமாக வரும் வண்டியின் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால், சக்கரம் தரையைத் தொடர்ந்து இறங்க இயலாமல் காற்றில் நிற்கும். காற்றில் நிற்கும் சக்கரத்தினால் திரும்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. 2015-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஒரு பந்தய வண்டி இவ்விடத்தில் மேலே கிளம்பி வேலியைத் தாண்டிப் போயிற்று. வேடிக்கை பார்க்க வந்திருந்தவர் ஒருவர் உயிரிழந்தார். அதற்குப் பின்னரே இங்குள்ள மேடு பள்ளங்களைச் சமப்படுத்தினார்கள்.

அடுத்தது 'நரி வளை'. செங்குத்தான இறக்கம், அடியில் பள்ளம், உடனே ஏற்றம். பள்ளத்தில் வண்டியின் கனம் முழுதும் ஸ்பிரிங்கை அழுத்துகிறது. இங்கே ஸ்பிரிங் மிகவும் மெத்தென்றிருந்தால் அடிப்பாகம் தரையில் இடிக்கும். முந்திய இடத்தில் விறைப்பு குற்றம். இங்கே மென்மை குற்றம்!

அப்புறம் வருவது 'ராட்டினம்'. கராச்சியோலாவின் பெயரைத் தாங்கியிருக்கும் இந்த வளைவின் உட்புறத்தில், சரிவாகச் சிமெண்ட்டுப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். வண்டி அந்தச் சரிவுக்குள் இறங்கி, கிண்ணத்தின் ஓரத்தில் ஓடும் கோலிக் குண்டுபோல் சுற்றிவர வேண்டும். பலகைகளின் மூட்டுக்கள் தடதடவென்று சக்கரத்தை உதைக்கின்றன. விறைத்த வண்டிக்குள் இருப்பவர்களுக்குப் பல் ஆடும். தடித்த முறுக்குக் கம்பியோ, ஒரு சக்கரம் வாங்கும் உதையை மறு சக்கரத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறது.

ராட்டினத்துக்கு முன்னால் 'சுரங்கம்' என்று ஓர் இடம் உண்டு. 1976-ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதி நிக்கி லாடா என்ற ஆஸ்திரிய வீரரின் வண்டி அதன் அருகே மோதித் தீப்பற்றியது. பின்னால் வந்த வீரர்கள் தங்கள் பந்தயத்தை மறந்து, நெருப்பிலிருந்து அவரை இழுத்துக் காப்பாற்றினார்கள். முகமெல்லாம் வெந்த அந்த மனிதர் ஆறு வாரங்களில் மறுபடி பந்தயத்தில் ஓட்டினார். ஆனால் வடக்கு வளையத்தில் அந்தப் பெரும் பந்தயம் பிறகு நடைபெறவேயில்லை. அதற்கென்று பக்கத்தில் 1984-ஆம் வருஷத்தில் புதிய சிறு பாதை திறந்தார்கள்.

மழமழவென்ற பந்தயப் பாதையில் நன்றாக ஓடும் விறைப்பான வண்டியை இங்கே அப்படியே கொண்டு வந்து வெற்றி காண முடியாது. சாலை ஈரமாகிவிட்டால் இன்னும் மென்மை வேண்டும். அனுபவமுள்ளவர்கள் ஸ்பிரிங்கையும், அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்ஸார்பரையும், முறுக்குக் கம்பியையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி கொஞ்சங் கொஞ்சமாகத் திருத்துகிறார்கள். சக்கரம் தரையை விடாமல் இருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய முதல் கவலை. நிமிர்ந்த தோற்றம் இரண்டாம் பட்சம்.

சாய்வு ஓட்டுபவனோடு பேசும் பாஷையும் ஆகும். "வேகம் மிஞ்சுகிறது, அப்பா!" என்று வண்டி முன்கூட்டிச் சொல்லும் எச்சரிக்கை அது. எல்லாச் சாய்வையும் அடக்கி வாயை மூடிவிட்ட வண்டி, பிடிப்பு நழுவுகிற கணம் வரையில் மௌனமாக இருந்துவிட்டுத் திடீரென்று கைவிட்டுவிடும். நூர்பர்க் கோட்டையின் நிழலில் ஆண்டுதோறும் நொறுங்கும் வண்டிகளைப் பார்க்கிறபோது, ஊரில் நம் வீட்டு வண்டி வளைவில் சற்றே சாய்வதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள யாருக்கும் மனம் வராது.