வால்டியூப்பும் கருவேல முள்ளும்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் திண்ணையில் வீசிவிட்டு, அப்பத்தா கொடுக்கிற வரக்காப்பியை நின்றவாக்கில் குடித்து முடித்தால் எனக்கு அடுத்த வேலை சைக்கிள் கடைதான். புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய்க்கரையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. வாடகைச் சைக்கிள் கடை ஒன்றே ஒன்று. வாசலை மிதிக்கும்போதே சொலூசன் வாசனை மூக்கில் ஏறும், பஞ்சர் பார்க்கிற தொட்டியில் டியூப்பை அமுக்கினால் குபுகுபுவென்று குமிழி வரும், மேலே ஆணியில் தொங்கும் ரேடியோவில் திருச்சி நிலையம் கரகரத்துக்கொண்டிருக்கும். கடைக்கார மாமா எங்கள் முகத்தைப் பார்த்ததுமே, "வால்டியூப்புதான? இந்தாங்க விஞ்ஞானிகளா" என்று பழசும் புதுசுமாய் நாலைந்து துண்டை எடுத்து நீட்டுவார். காசு வாங்கமாட்டார். அவர் பேச்சில் பாதி கேலி என்பது எனக்கு அப்போது தெரியாது. நிஜமாகவே விஞ்ஞானி ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டு நடப்பேன்.

நாங்கள் நடந்து போய்ச் சேர்கிற இடம் பஞ்சாயத்து ரேடியோ ரூம். ரேடியோ எப்போதோ போய்விட்டிருந்தது. ரூமுக்குப் பெயர் மட்டும் மிச்சம். அங்கேதான் எங்கள் துளிர் இல்லம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-லிருந்து பிள்ளைகளுக்காகத் 'துளிர்' என்று ஒரு மாதப் பத்திரிகை நடத்துகிறதல்லவா, அந்தப் பெயரிலேயே ஊருக்கு ஊர் கூடிய பிள்ளைகள் குழு அது. கட்டணம் கிடையாது, பரீட்சை கிடையாது, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பதும் கிடையாது. அதனாலேயே யாரும் வராமல் இருந்ததில்லை. மேலத்தெரு, கீழத்தெரு, காலனி என்று எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே கோரைப்பாயில் முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்த இடம், எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நடத்தியது ஒரு அக்கா. பகலெல்லாம் கல்பட்டறையில் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிற வேலை; விரல்நுனி எப்போதும் கறுத்துக் காய்த்துக் கிடக்கும். பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவர். 1991-இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது தொண்டராகச் சேர்ந்து, ஊர்ப் பெண்களுக்கு அரிக்கேன் வெளிச்சத்தில் எழுத்து சொல்லிக்கொடுத்தார். கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத், படிப்போடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் ஓட்டவேண்டும் என்று முன்னால் நின்றார். எழுதப்படிக்க வந்த ஆயிரக்கணக்கான பெண்கள் கண்மாய்க்கரையிலும் பொட்டலிலும் விழுந்து எழுந்து பழகினார்கள். எங்கள் அம்மா முட்டியில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. அந்த அக்காவுக்கு அறிவொளி ஓய்ந்த பிறகும் சும்மா இருக்கத் தெரியவில்லை. பெரியவர்களை விட்டுவிட்டு எங்களைப் பிடித்துக்கொண்டார்.

மாமா கொடுத்த வால்டியூப்பை, அதாவது சைக்கிள் வால்வில் மாட்டுகிற சின்ன ரப்பர் குழாயை, ரேடியோ ரூமில் அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கவேண்டும். தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட்டு, துண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் ஒரு முட்டு. மூன்று குச்சி கூடவேண்டுமென்றால் டியூப்பின் நடுவில் கருவேல முள்ளால் ஒரு குத்து, அந்த ஓட்டையில் மூன்றாவது குச்சி. முள்ளுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்! முதலில் சதுரம் செய்யச் சொல்வார் அக்கா. செய்து ஒரு மூலையை அமுக்கினால் அது சாய்ந்து படுத்துவிடும். ஐங்கோணம் இன்னும் மோசம். முக்கோணத்தை மட்டும் எப்படி அமுக்கினாலும் அது அசையாது. ஏன் என்று சொல்லமாட்டார். "வீட்டுக்குப் போறப்ப எங்கெங்க முக்கோணம் இருக்குன்னு பாத்துக்கிட்டே போங்கடி" என்பார். ஓட்டுக்கூரைக் கைமரத்தில், தோட்டத்துப் படலின் குறுக்குக் கம்பில், கரண்ட் டவரில், மாமா கடைச் சைக்கிள் பாரில் என்று எங்கே பார்த்தாலும் முக்கோணமாய்த் தெரிந்து, அன்று நான் ஒரு சாக்கடையில் கால் வைத்துவிட்டுத்தான் வீடு சேர்ந்தேன்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து லாரி செய்கிற கம்பெனியில் இஞ்சினியராக இருந்த அரவிந்த் குப்தா, 1970-களில் மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் கிராமப் பள்ளிகளின் அறிவியல் திட்டத்துக்குப் போய், சந்தையில் கிடைத்த சில்லறைச் சாமான்களிலிருந்து கண்டுபிடித்ததுதான் இந்த வால்டியூப்-தீக்குச்சி விளையாட்டு என்பதைப் பெரியவளான பிறகுதான் படித்தேன். அப்போது அது எங்கள் அக்காவே கண்டுபிடித்தது என்று சத்தியம் செய்திருப்பேன்.

சில நாள் மஞ்சள் படம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, ஈர்க்குச்சியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு வரைந்தால் கோடு கோடாய்ச் சிவப்பு எழும்பும். அதிலேயே எலுமிச்சைச் சாற்றை விட்டால் சிவப்பு ஓடி மறுபடி மஞ்சள். சோப்பும் சுண்ணாம்பும் காரம், எலுமிச்சையும் புளியும் அமிலம் என்று அப்படியே மனசில் ஏறிவிட்டது. மயில் என்று நினைத்து நான் வரைந்த கோழியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பத்தா பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு வகுப்பாக்கும்? ஆலாத்திக்கு மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்காதா?" என்றது. அக்காவிடம் போய்ச் சொன்னேன், கோபப்படுவார் என்று. அவரோ மறுநாள் எங்கள் வீட்டுக்கே வந்து, "அப்பத்தா, பிள்ளைகளுக்கு நீங்கதான் வந்து செஞ்சு காட்டணும்" என்று அழைத்துப்போனார். சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு ரேடியோ ரூமில் ஆலாத்தி கரைத்த அப்பத்தா, அன்றிலிருந்து எங்கள் கட்சி.

கிரகணத்துக்கு மட்டும் கட்சி மாறியது. 1995 தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 24 காலையில் சூரிய கிரகணம். ராஜஸ்தானிலிருந்து வங்காளம் வரை ஒரு பட்டையில் முழுசாக மறையும், நமக்குப் பாதி மட்டும் என்று அக்கா முதலிலேயே சொல்லியிருந்தார். வெளியே தலைகாட்டக்கூடாது, பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று அப்பத்தா கதவைச் சாத்திவிட்டது. அதிரச வாசனை மட்டும் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா வாசலில் வந்து நின்றார். "நேரா பாக்கக்கூடாதுன்னு நானும்தான் சொல்றேன் அப்பத்தா. நீங்க வெளிய வரவேணாம், சூரியன் உள்ள வரட்டும்" என்று, சின்ன ஓட்டை போட்ட காகிதத்தைக் கைக்கண்ணாடிமேல் ஒட்டி முற்றத்து வெயிலில் சாய்த்துவைத்தார். இருட்டு வீட்டின் உள்சுவரில் ஒரு வெளிச்ச வட்டம் வந்து விழுந்தது, ஓரம் கடித்த அப்பளமாக.

டெய்லர் டேப் பிடித்து அளந்தோம். முழுசாக இருக்கிற சூரியன், கண்ணாடியிலிருந்து ஒன்பதடி தள்ளி ஓரங்குலம் அகலத்துக்கு விழும். ஒன்பதடி என்றால் 108 அங்குலம். ஆக சூரியன் தன் அகலத்தைப்போல் ஏறக்குறைய 108 மடங்கு தூரத்தில் இருக்கிறது என்றார் அக்கா. நூற்றியெட்டு என்று கேட்டதும் அப்பத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டது. கணக்கை நம்ப அதற்கு அந்த எண்ணே போதுமாக இருந்தது. வெளியே புங்கமரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சமெல்லாம் பிறை பிறையாய்க் கிடக்க, நாங்கள் அதைக் கையில் ஏந்திப் பிடிக்க ஓடினோம். திரும்பி வந்தபோது அப்பத்தா சுவரைப் பார்த்தபடியே அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நான் படித்த பள்ளியிலும் அறிவியல் சாமான்கள் இருந்தன. கண்ணாடி அலமாரிக்குள், பூட்டின் பின்னால், தூசி தட்டாமல். அதைத் தொடுகிற வயசு எங்களுக்கு வரவே இல்லை. ரேடியோ ரூமில் இருந்ததெல்லாம் உடைந்தால் யாரும் அழவேண்டாத சாமான்கள். அதனால்தான் கை பயப்படாமல் போனது, கை போன இடத்துக்குப் புத்தி பின்னாலேயே போனது. இலவசமாகக் கிடைத்தது என்று நான் நன்றி சொல்வது பாடத்துக்கு அல்ல, அந்தப் பயமின்மைக்கு.

2021-இல் அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு எத்தனையோ ஊர்த் திண்ணைகளில் சாயங்காலம் பிள்ளைகள் கூடினார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு கூட்டம் கண்ணில் பட்டால், ஒரு கட்டுத் தீக்குச்சியும் கொஞ்சம் மஞ்சள்தூளும் வாங்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பிள்ளைகள் எதையாவது எடுத்து உடைத்தால் மட்டும் தயவுசெய்து திட்டிவிடாதீர்கள்.