கடைசிப் பத்து மீட்டருக்கு எந்தத் தட்டு?

டிஸ்க் கால்ஃப் தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. மட்டை கிடையாது, கைதான். 1970களில் இந்தச் சங்கிலிக் கூடையை உருவாக்கியவர் எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர். 2002-ல் அவர் இறந்தபோது, அவர் ஆசைப்படியே அஸ்தியைத் தட்டுகளில் கலந்து வார்த்தார்கள். மனுஷருக்கு அவ்வளவு பிரியம்!

நாங்கள் இருக்கும் ஷார்லட்டில் பூங்காவுக்குப் பூங்கா இந்தக் கூடைகள் உண்டு. ஆளுக்கு மூன்று தட்டு இருந்தால் சனிக்கிழமை காலை ஓடிவிடும். வீட்டில் வாயே திறக்காத என் பதினான்கு வயசுப் பையன் அங்கே இரண்டு மணி நேரம் விடாமல் பேசுவான். எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஜூனில் ஊருக்குக் கிளம்பினோம். ஊர் என்றால் எங்களுக்குத் திருப்பதி. அப்பா அம்மா இருப்பது அலிபிரி பக்கம், மலைக்கு நடந்து போகிற படிகள் தொடங்குகிற இடம். பெட்டியில் எடைக்கணக்கு பார்த்த என் மனைவி, "ரெண்டு தட்டுக்கு மேல இடம் இல்லை" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். பையனிடம் இருப்பதோ பதினைந்து. எந்த இரண்டை எடுப்பது?

தூரம் எறிகிற டிரைவர்கள் உடனே கழிந்தன. ஊரில் கிடைக்கப்போவது மொட்டை மாடிதான். மிச்சம் பட்டர்கள். (போனில் "பாட்டி, ரெண்டு பட்டர் கொண்டு வரேன்" என்று இவன் சொல்ல, எந்தக் கோயில் பட்டர் என்று அம்மா கேட்டது தனிக் கதை :-))

பட்டர் செய்யவேண்டிய வேலை இரண்டு. ஒன்று, கூடைக்குள் போடுவது. கூடையைச் சுற்றி 10 மீட்டருக்குள் விதியே வேறு: எறிந்த பிறகு நிலை தடுமாறாமல் நின்றுவிட்டுத்தான் முன்னால் காலெடுத்து வைக்கலாம். ஆகவே ஓட்டமும் வேகமும் இங்கே உதவாது. மெல்ல விட்டாலும் நேராகப் போகிற தட்டு வேண்டும். இரண்டாவது, முப்பது நாற்பது மீட்டரிலிருந்து கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. இதற்குக் கொஞ்சம் வேகமாக எறியவேண்டும். எதிர்காற்றிலும் தட்டு புரண்டுவிடக் கூடாது. விழுந்த இடத்தில் உட்காரவேண்டும்.

பல தட்டுகளின் முகத்திலேயே நான்கு எண்கள் இருக்கும். வேகம், மிதப்பு, வேகத்தில் இருக்கும்போது திரும்பும் அளவு, வேகம் குறைந்ததும் மறுபக்கம் சாயும் அளவு. இன்னோவா கம்பெனியின் ஏவியார் 2, 3, 0, 1. அதாவது கிட்டத்தட்ட நேர்கோடு, போடுவதற்கு ஏற்றது. டிஸ்க்ராஃப்டின் ஸோன் 4, 3, 0, 3. வலக்கைக்காரர் வழக்கமான முறையில் எறிந்தால் முடிவில் நிச்சயமாக இடப்பக்கம் சாயும். எங்கே சாயும் என்று தெரிந்துவிட்டால் காற்றை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் எண்கள் பாதிக்கதைதான். மீதி கையில் இருக்கிறது. சில தட்டுகளின் அடிவிளிம்பில் மணி கோத்த மாதிரி ஒரு புடைப்பு வரும். சிலருக்கு அது விரலை நிறுத்த உதவும், சிலருக்கு உறுத்தும். விலை குறைந்த சாதாரண பிளாஸ்டிக் விரலில் நன்றாக ஒட்டும், ஆனால் மரத்தில் பட்டுப்பட்டுச் சீக்கிரம் தேயும். விலை கூடியது பெரும்பாலும் வழுவழுப்பு, நாள் கணக்கில் உழைக்கும். அதனால் போடுவதற்கு முதலாவது, எறிந்து நிறுத்துவதற்கு இரண்டாவது என்று வைத்துக்கொள்வது பலருடைய வழக்கம். எடைக்கும் வரம்பு உண்டு: விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம். 21 சென்டிமீட்டர் சொச்சம் உள்ள பட்டர் 175 கிராம் வரை வரும்.

ஆக, சாதாரண பிளாஸ்டிக்கில் ஓர் ஏவியார், ஸோன் ஒன்று. இரண்டும் பெட்டியில் ஏறின.

மாடியில் கொடியில் அப்பாவின் வேட்டியைத் தொங்கவிட்டு, அடியில் துணிக்கூடையை வைத்தோம். சங்கிலி செய்கிற வேலையை வேட்டி செய்தது: தட்டின் வேகத்தை வாங்கிக்கொண்டு கீழே போட்டது. ஷார்லட் குளிரில் விறைப்பாக இருக்கும் ஏவியார், அந்த வெயிலில் சப்பாத்தி மாவு மாதிரி குழைந்தது. பிளாஸ்டிக் எதுவென்று பார்க்கும்போது ஊரின் வெப்பத்தையும் பார்க்கவேண்டும் என்று அங்கேதான் புரிந்தது.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு. 3,550 படிகளை வருஷாவருஷம் ஏறியவர். இப்போது முழங்கால் விடுவதில்லை. பையனுக்குத் தமிழ் அரைகுறை, தாத்தாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. முதல் இரண்டு நாள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததோடு சரி. மூன்றாம் நாள் மாலை அப்பா இரண்டு தட்டையும் கையில் வாங்கிப் பார்த்து, ஸோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது முரடு. இதைக் குடு." ஏவியாரை வைத்துக்கொண்டு ஐந்தடியில் ஆரம்பித்தார். பத்துக்கு ஆறு உள்ளே!

பையன் வேகமாக விட்டுத் தவறவிட்டபோது அப்பா சொன்னார்: "ஆரம்பத்துல எல்லாரும் ஓடித்தான் ஏறுவாங்க, கண்ணா. கடைசியில மோகாலிமெட்டு வரும். அங்கதான் மூச்சு வேணும். மெல்ல விடு." மோகாலு என்றால் தெலுங்கில் முழங்கால் என்று பையனுக்கு நான் சொல்ல, அதன் பிறகு அவன் தவறவிடும் ஒவ்வொரு தட்டும் 'மோகாலு' ஆகிவிட்டது. மூன்று வாரம் தினமும் மாலை ஐந்தரைக்கு இருவரும் மாடியில். நான் கீழே காபியோடு.

கிளம்பும்போது பையன் ஏவியாரைத் தாத்தாவிடமே விட்டுவிட்டான். திரும்பி வந்து கடையில் புதிதாக வந்த வேறு ரகம் எதையும் தொடவில்லை. அதே ஏவியார், அதே பிளாஸ்டிக், அதே எடை. நிறம் மட்டும் வேறு.

வாங்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். கடையில் நாலைந்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். விரல் தேடாமல் தானாகப் போய் உட்கார்கிற ஒன்றை எடுங்கள். முடிந்தால் அதிலேயே இரண்டு வாங்குங்கள்: தொலைந்தால் கை மாறாது. எறிந்து நிறுத்த, முடிவில் சாய்கிற ரகத்தில் ஒன்று. பிறகு ஒரு வருஷம் மாற்றாதீர்கள். தவறவிட்டதும் தட்டை மாற்றத் தோன்றும். மாற்றினால் கை திரும்ப முதல் படியிலிருந்து ஏறவேண்டும்.