பயிற்சியாளர் போனால் அணி போய்விடுமா?

மும்பை சிட்டி கால்பந்து அணி பயிற்சியாளரை மாற்றும்போதெல்லாம் மும்பையின் தாதர், மாட்டுங்கா ரசிகர்களிடம் எழும் பயம் தேவையற்றது என்பேன். 2021-இல் இந்தியன் சூப்பர் லீக்கின் லீக் சுற்று ஷீல்டு, இறுதிக் கோப்பை இரண்டையும் வென்று தந்த பயிற்சியாளர் லொபேரா, அடுத்த சீசனுக்குச் சில வாரங்களே இருந்தபோது விலகினார். அவர் இடத்துக்குப் பக்கிங்ஹாம் வந்தார், அணி ஐந்தாம் இடத்துக்குச் சரிந்தது. "பார்த்தீர்களா?" என்பவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிர்வாகம் அவசரப்பட்டு அவரை நீக்கவில்லை; 2022-23-இல் அவரே 46 புள்ளிகளுடன் ஷீல்டை மீட்டார். அவர் அடுத்த சீசன் நடுவே ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டுக்குப் போனபோதும் புதிய பயிற்சியாளராக க்ராட்கி வந்து, 2024 மே 4 அன்று மோகன் பகானை 3-1 என வென்று கோப்பையைக் கொண்டுவந்தார். பக்கிங்ஹாம், க்ராட்கி இருவருமே, அப்போது மும்பை சிட்டியையும் வைத்திருந்த சிட்டி ஃபுட்பால் குழுமத்தின் மெல்போர்ன் சிட்டியில் உதவிப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள். அதனால் குழுமத்தின் ஆட்டமுறை அவர்களுக்குப் புதிதல்ல. இந்த வெற்றிகளுக்கெல்லாம் பணம்தான் காரணம் என்பார்கள் சிலர். பணம் உதவியது, மறுக்கவில்லை. அது மட்டுமே போதுமென்றால் 2021-22-இல் ஏன் சரிந்தோம்?