நெஞ்சழுத்தமும் தமிழ் எண்ணும்

முதலுதவி கற்பித்தல் தமிழாசிரியன் தொழிலன்று என்பார் உளர். ஆயினும், நமது கல்லூரியில் நெஞ்சழுத்தப் பயிற்சி நடைபெற்ற வகுப்பிற் சில நாள் உடனிருந்த யான், ஆங்கே தமிழுக்கும் ஒரு வேலை உண்டெனக் கண்டேன். அதனைப் பழைய மாணவ அன்பர்க்குக் கூற விழைகின்றேன்.

இதயம் நின்றவர்க்குக் காலமே பகை. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைக்கும் என்பர் மருத்துவர். 2016இல் தொடங்கிய ‘1990 சுவசெரிய’ அம்புலன்ஸ் கட்டணமின்றியே வரும். எனினும், மாலை வேளையில் வெள்ளவத்தைக் காலி வீதியையோ கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியையோ கடந்து வருதல் எளிதோ? அது வருமளவும் அருகில் நிற்பவர் கையே மருந்து.

மார்பை அழுத்திக் குருதியை ஓட்டும் முறையினை 1960இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர் மூவர் வெளியிட்டனர். அதே ஆண்டில், நோர்வே நாட்டு விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லேர்டால் பயிற்சிக்கென ஒரு பாவையை அளித்தார். இன்றைய பாவைகள் சிலவற்றுள் உணர்கருவி உண்டு. மார்பு 5 சென்ரிமீற்றர் தாழ்ந்ததா, முழுதும் மீண்டதா என்பதைக் கைத்தொலைபேசித் திரை அக்கணமே காட்டும். “போதாது” என்று யான் பன்முறை கூறியும் நம்பாத மாணவன், திரையிலுள்ள கோட்டைக் கண்டதும் முழங்கையை நிமிர்த்தி உடற்பாரத்தைக் கொடுத்து அழுத்தினான். ஆசிரியன் சொல்லினும் கோட்டுக்கு மதிப்பு மிகுதிபோலும்!

அழுத்த வேண்டிய வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. 30 அழுத்தத்தின்பின் இரண்டு மூச்சு. எனவே ஓர் எண்ணுக்கு அரை நொடியே உண்டு. பத்துவரை இனிது செல்லும் நா, ‘இருபத்தேழு’ என்னுமிடத்து இடறும். கையும் உடன் தளரும். திரை அதனையும் காட்டிக்கொடுத்தது. ஆதலின், ஒன்று முதல் ஒன்பதுவரை மும்முறை எண்ணி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் முறையே பத்து, இருபது, முப்பது என்று கூறுமாறு சொன்னேன். தாளம் நிலைத்தது. ‘இரண்டு’ என்பதை ‘ரெண்டு’ என்று கூறுவோர்க்கும் அவ்வகுப்பில் மன்னிப்புண்டு.

காணொளியை வீட்டிலிருந்தும் காணலாம். பாவையோ ஒன்றே, முப்பத்தைந்து மாணவர் வரிசையில் நிற்கின்றனர். சங்கத்தார் மேலும் இரண்டு பாவைகள் வழங்குவரேல், மருத்துவராய் விளங்கும் பழைய மாணவர் சனிக்கிழமை காலையில் ஒரு மணிநேரம் வந்து உதவுவரேல், வரும் தவணைக்குள் மேல்வகுப்பினர் அனைவரும் பயின்றுவிடுவர்.