அத்தாவின் நான்கு கட்டை

இசைக்கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். அந்த விவாதத்தை இங்கே எடுக்கப் போவதில்லை. ஒரு பழைய கேசட்டையும் மவுத் ஆர்கனையும் வைத்துக்கொண்டு என் அத்தாவின் குரலைத் தேடிய கதையை மட்டுமே சொல்ல வந்தேன்.

பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் உள்ள லெப்பைக்குடிக்காடு எங்கள் ஊர். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் நிறைந்த ஊர். அந்நாளில் கடிதத்தோடு கேசட்டிலும் பேசி அனுப்புவது வழக்கம். 1984இல் துபாயிலிருந்த சின்னத்தாவுக்கு அனுப்பிய கேசட்டில், நலம் விசாரித்து முடித்தபின் அத்தா ஒரு பாடலைப் பாடியிருந்தார்கள். மீதமிருந்த நாடாவில், அன்று மாலையே அதே கருவியில், இலங்கை வானொலி ஒலிபரப்பிய நாகூர் ஹனீபா அவர்களின் பாடல் ஒன்றையும் பதிந்திருந்தார்கள். சின்னத்தா ஊர் திரும்பியபோது பத்திரமாகக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார்கள். 1991இல் அத்தா மவுத்தானபின் எங்களிடம் எஞ்சிய குரல் அது ஒன்றுதான்.

பணி ஓய்வுக்குப் பிறகு மவுத் ஆர்கன் பழகத் தொடங்கினேன். அத்தாவின் பாடலுக்கு உடன் வாசிக்க வேண்டும் என்பதே ஆசை. அதற்கு முதலில் அவர்கள் எந்தச் சுருதியில் பாடினார்கள் என்று தெரிய வேண்டும். வழி எளிதுதான். பாடலில் சொற்களை விட்டுவிட்டு, ஒவ்வோர் அடியும் எந்த இடத்தில் வந்து இளைப்பாறுகிறது என்று கவனியுங்கள். அந்த ஒலியை வாய்க்குள் முனகிக்கொண்டே கருவியில் அதைத் தேடுங்கள். கிடைப்பதுதான் ஸட்ஜம்.

எனக்குக் கிடைத்தது மூன்று கட்டை. ஆனால் அம்மாவோ, "உங்க அத்தா நாலு கட்டையில பாடுவாங்கன்னு ஆர்மோனியக்காரரே சொல்லுவாரு" என்று பல முறை சொன்னதுண்டு. இருந்தவரை இறந்தபின் உயர்த்திப் பேசுவது உலக இயல்பு என்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணியதற்கு இன்று வெட்கப்படுகிறேன்.

மேலும் ஒரு சிக்கல். என்னிடம் இருந்தது ஒரு கட்டைச் சுருதிக் கருவி. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளின் ஏழு சுரங்கள்தாம் அதில் உண்டு. எங்கே தொடங்குகிறோமோ அதற்கேற்ப ராகம் மாறும். முதல் சுரத்தில் தொடங்கினால் சங்கராபரணம், இரண்டாவதில் கரகரப்பிரியா, மூன்றாவதில் தோடி, நான்காவதில் கல்யாணி. அத்தாவின் பாடலோ கல்யாணிச் சாயலில் அமைந்தது. மூன்று கட்டையில் ஸட்ஜத்தை வைத்தால் என் கருவி தோடியைத் தந்தது. மாதக்கணக்கில் ஊதியும் இரண்டாம் அடியிலேயே அபசுரம். என் காதையும் மூச்சையும் நொந்துகொண்டேன்.

ஒரு நாள் கேசட்டை நிறுத்த மறந்தேன். அத்தாவின் பாடல் முடிந்து ஹனீபா அவர்களின் பாடல் ஓடியது. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அந்த இசைமுரசின் குரலை உச்சத்தில் கேட்டே வளர்ந்தவன் நான். அன்று அது ஏதோ சோர்ந்து ஒலித்தது. அதே பாடலை என் மகனின் கைபேசியில் போட்டுப் பார்த்தேன். கேசட்டில் அது அரைச் சுருதி தாழ்ந்திருந்தது!

கேசட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் குறைந்தாலே அரைச் சுருதி இறங்கிவிடும். வினாடிக்கு மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத குறை அது. பதிந்த கருவி வேகமாக ஓடியதோ, என் வீட்டுக் கருவியின் பெல்ட் தளர்ந்ததோ, இரண்டுமோ. ஒரே மாலையில் ஒரே கருவியில் பதிந்தவையாதலால், ஹனீபா அவர்களின் குரலுக்கு நேர்ந்தது அத்தாவின் குரலுக்கும் நேர்ந்திருக்க வேண்டும். ஆர்மோனியத்தில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. மூன்றரை என்று ஒன்று இல்லை. மூன்றிலிருந்து அரைச் சுருதி ஏறினால் நிற்பது நான்கில்தான்.

கேசட் கருவியைத் திறந்தேன். மோட்டாரின் பின்புறத் துளைக்குள் ஒரு சிறு திருகு உண்டு. ஹனீபா அவர்களின் பாடல் கைபேசியோடு ஒத்துவரும்வரை மெல்லத் திருகினேன். பிறகு அத்தாவின் பாடலைப் போட்டேன். ஐந்தாம் துளையில் மூச்சை உள்ளிழுத்ததும் ஸட்ஜம் வந்து பொருந்தியது. ஆறாம் துளையில் ஊதினால் ரிஷபம், அதே துளையில் இழுத்தால் காந்தாரம், ஏழில் இழுத்தால் மத்திமம், ஊதினால் பஞ்சமம். ஒன்பதாம் துளையின் மேல் ஸட்ஜம்வரை எந்தச் சுரமும் விடுபடவில்லை. அந்த ஒரு கட்டைக் கருவியே போதுமானதாக இருந்தது.

பின்கட்டில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. எழுந்துவந்து அருகில் அமர்ந்தார்கள். நான் வாசித்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"பேச்சிலிருந்து போடு" என்றார்கள்.

நாடாவைப் பின்னோட்டினேன். ஊறுகாய் வந்து சேர்ந்ததா என்று அத்தா தம்பியைக் கேட்டார்கள், தம் சொந்தக் குரலில்.