தண்ணித் தாங்கிக்குப் பின்னால ஒரு செடி

"அக்கா, இலையில சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி விழுது. என்ன அடிக்கலாம்?"

தம்பி வட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டபோது நான் வந்தாறுமூலையில், கம்பஸ் விடுதியில் இருந்தேன். அம்மாவின் மிளகாய்ச் செடிகளைப் பற்றித்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். ஏ.எல் முடிந்து ஒரு வருசமாக போனைத் தவிர வேறெதையும் தொடாதவன் செடி பார்க்கிறானே என்று சந்தோசம் வேற.

"இலையைத் திருப்பிப் பார். அடியில நூல் மாதிரி வலை இருந்தா சிற்றுண்ணி. முதல்ல தண்ணியப் பீச்சிக் கழுவு. பிறகு வேப்பெண்ணெயில கொஞ்சம் சவர்க்காரத் தண்ணி கலந்து பின்னேரம் அடி. வெயில்ல அடிச்சா இலை கருகிடும்."

கச்சான் காற்று வீசுற மாதங்களில் திருகோணமலையில் இது வழக்கம்தான். சூடும் வறட்சியும் கூடினால் சிற்றுண்ணி மளமளவென்று பெருகும்.

அடுத்த கிழமை வீட்டுக்கு வந்து மாடிக்கு ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் தெரியும். மிளகாய்ச் செடிகளில் ஒரு புள்ளியும் இல்லை. தண்ணித் தாங்கிக்குப் பின்னால், பழைய பெயின்ட் வாளியில் நின்றது வேறொன்று. விரல் விரித்த மாதிரி இலை, இடுப்பளவு உயரம்.

நான் சொன்னதெல்லாம் செய்திருந்தான். ஒவ்வொரு இலையாகத் திருப்பித் துடைத்திருந்தான்.

"பத்துறியா?"

"சிலநேரம். நித்திரை வருதில்ல அக்கா."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு சட்டம் பேசினேன். 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதியில்லாமல் கஞ்சா வளர்ப்பது குற்றம். வாளியில் நிற்கிற ஒன்றும் அதற்குள்தான்.

அவன் விடவில்லை. "பரியாரிமார் மருந்துக்கு எடுக்கலாமாம். ஏற்றுமதிக்கு வளர்க்கலாமாம். நான் மட்டும்தான் கள்ளனோ?"

அதில் பொய் இல்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர்களுக்கு வழி விட்டிருக்கிறது. 2022 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்ப்பதை ஆராய நிபுணர் குழு அமைக்கும் யோசனை இருந்தது. டொலர் கொண்டுவந்தால் பயிர், எங்கட வாளியில் நின்றால் குற்றம். இந்த அநியாயத்தை வைத்து நான் ஒரு நல்ல ஒப்படை எழுதுவேன். ஆனால் பொலிஸ் படியேறி வந்தால் முதலில் கதவைத் திறக்கப்போவது அம்மா. அதைத்தான் அவனுக்குச் சொன்னேன். நித்திரை வராததுக்கு இது மருந்தில்லை, பழகினால் பிறகு இது இல்லாமல் படுக்கவே ஏலாமல் போகும் என்றும் சொன்னேன்.

பிடுங்கினது அவன்தான். வேரில் ஒட்டின மண்ணை வாளிக்குள்ளேயே உதறிவிட்டு, கையைக் கழுவாமல் கனநேரம் நின்றான். ஒரு வருசத்தில் அவன் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டது அந்தச் செடி ஒன்றைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. நித்திரை ஏன் வருவதில்லை என்று அந்த ஒரு வருசத்தில் நான் ஒருதரமும் கேட்கவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு படம் அனுப்பியிருந்தான். மிளகாய் இலையின் அடிப்பக்கம், மெல்லிய வலை. "இதிலயும் வந்திட்டுது அக்கா."

நேரம் பார்த்தேன். இரவு 2.10. பதில் எழுதாமல் கோல் எடுத்தேன்.