குளிர்கால இட்லி

டில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் இரண்டு மாதம் ஒரு பெருந்துன்பம் உண்டு. மூடுபனியைச் சொல்லவில்லை. டிசம்பர் பிறந்துவிட்டால் இட்லி மாவு பொங்காது! விடுதியில் தங்கிப் பயிலும் நண்பர்கள் இதை அறிய நியாயமில்லை. அவர்களுடைய இட்லிக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். வீட்டிலிருந்து வந்து போகும் என் போன்றவர்களுக்குத் தெரியும். இரவில் வெப்பம் 6, 7 பாகைக்கு இறங்கும்போது, மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களும் நம்மைப் போலவே சுருண்டு படுத்துவிடுகின்றன. என் தாயார் மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்திப் பார்த்தார்; வெந்நீரில் இறக்கி வைத்துப் பார்த்தார். ஒரு வருடம் என் பள்ளிக்கூட ஸ்வெட்டர்கூட அந்தப் பாத்திரத்துக்குப் போய்விட்டது.

ஆகவே எங்கள் வீட்டில் குளிர்காலம் என்றால் ரவா இட்லி. ரவையை நெய்யில் வறுத்து, கடுகு, கடலைப்பருப்பு, முந்திரி, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டி, தயிரில் கரைத்து, ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்டு ஆவியில் வைப்பார். புளிக்கவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். எங்களுக்கு அது அமிர்தம். பாட்டிக்கோ அது இட்லியே அல்ல. கும்பகோணத்துப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். “உப்புமாவை அச்சிலே ஊத்தினா இட்லி ஆயிடுமா?” என்பார். அம்மா பதில் சொல்லமாட்டார். மறுநாள் காலையிலும் அதையேதான் செய்வார்; வேறு எதைச் செய்வது?

நான்கு ஆண்டுகளுக்கு முன் பாட்டி பெங்களூரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டார். டில்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. நாங்களும் அதையே எல்லோருக்கும் சொன்னோம்.

சென்ற டிசம்பர் விடுமுறையில் கர்நாடகா எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து மூவரும் பெங்களூர் போய்ச் சேர்ந்தோம். ஊர் சுற்றிப் பார்ப்பது என்பது பெயருக்குத்தான். சித்தப்பா குடும்பத்துடன் பிப்ரவரியில் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படவிருந்தார். பாட்டி எங்கே இருப்பது? எங்களோடு டில்லிக்கு வரவேண்டும். இல்லையேல் கிராமத்துப் பழைய வீட்டில் தனியாக இருக்கவேண்டும். வயது எண்பத்தொன்று. இதை அவரிடம் யார் கேட்பது? அப்பா மூன்று இரவும் சாப்பாட்டுக்குப் பின் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மூன்று இரவும் கிரிக்கெட்டைப் பற்றியே பேசினார். சித்தப்பாவும் தம் அண்ணனுக்குச் சளைத்தவரல்லர்.

நான்காம் நாள் காலை, வெளியே போய்ச் சாப்பிடலாம் என்றார் சித்தப்பா. லால்பாக் சாலையில் இருக்கும் மாவள்ளி டிஃபன் ரூம்ஸுக்கு அழைத்துப் போனார். பெங்களூர்க்காரர்கள் எம்.டி.ஆர். என்று மூன்றே எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள். 1924-இல் மையா குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கிய சிற்றுண்டிச்சாலை அது. கூட்டம் மிகுதி. பெயரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, இரண்டாம் உலகப் போரில் நடந்ததைச் சித்தப்பா சொல்லத் தொடங்கினார். 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர். பர்மா அரிசி வருவது நின்றது. மறு ஆண்டு வங்காளத்தில் இலட்சக்கணக்கானவர்களைப் பலிகொண்ட பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பது நண்பர்கள் அறிந்ததே. பெங்களூரிலும் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது அரிசிக்குப் பதில் ரவையைப் போட்டுப் பார்த்ததில் பிறந்ததுதான் ரவா இட்லி என்பது இந்தச் சாலையார் சொல்லும் வரலாறு.

அம்மா இதற்குமுன் இதைக் கேட்டதில்லை. “அரிசி கிடைக்காமத்தானா செஞ்சாங்க?” என்று கேட்டார். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்.

மேசையில் இடம் கிடைத்ததும் அப்பா யாரையும் கலக்காமல் ஆறு ரவா இட்லிக்குச் சொல்லிவிட்டார். அம்மா முகத்தில் கலவரம். உருளைக்கிழங்கு சாகுவும், சிறு கிண்ணத்தில் நெய்யுமாக வந்து சேர்ந்தது. ஒருவரும் பாட்டியைப் பார்க்கவில்லை. அதாவது எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தோம்.

இந்த இடத்தில் இரசாயன மாணவன் ஒருவன் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. அரிசி மாவில் லியூக்கோனாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் இரவெல்லாம் உழைத்துக் கரியமில வாயுவை உண்டாக்குகிறது. ரவை மாவில் தயிரின் அமிலமும் சோடா உப்பும் கூடி அதே வாயுவைச் சில நிமிடங்களில் உண்டாக்கிவிடுகின்றன. இட்லியை எழுப்புவது இரண்டிலும் கரியமில வாயுதான். புளிப்பும் மணமும் வேறு. அதை நான் மறுக்கவில்லை. இதையெல்லாம் அன்று மேசையில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் பாட்டியின் முன் விரிவுரை நிகழ்த்தும் துணிவு எங்கள் பேராசிரியர்களுக்கே வராது.

பாட்டி ஒரு விள்ளலை நெய்யில் தோய்த்து வாயில் போட்டார். மென்றார். இன்னொரு விள்ளல். பிறகு, வாசல் பக்கம் காத்திருந்த கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“இதுக்கா இத்தனை கூட்டம்? நம்ம வீட்டுல குளிர்காலம் பூரா இதைத்தானே தின்னோம்!”

சித்தப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. தமது நெய்க் கிண்ணத்தை மெல்லப் பாட்டியின் பக்கம் நகர்த்தி வைத்தார். பாட்டி அதையும் இட்லியின் மேல் ஊற்றிக்கொண்டு, நிமிராமலே கேட்டார்:

“ஏம்மா, என்னோட பழுப்பு சால்வை ஒண்ணு அங்கே கிடந்துதே, இருக்கா? பூச்சி அரிச்சுப் போச்சா?”

“இருக்கு அத்தை. வருஷா வருஷம் வெயில்ல போட்டு எடுத்து வைக்கிறேன்.”

அப்பா மறுபடியும் தொண்டையைக் கனைத்தார். ஆனால் ஒன்றும் பேசாமல் கைபேசியை எடுத்து, நாங்கள் திரும்பும் வண்டியில் இன்னொரு இடம் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். “கீழ்ப் படுக்கையாப் பாரு,” என்றார் பாட்டி.